ஹாடன் ஹால்: யாரும் குடியிருக்காததால் பிழைத்த வீடா?

ஆற்றோரம்:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் பழைய வீடுகளைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அது சாட்ஸ்வர்த், ப்ளென்ஹைம் போன்ற மாளிகைகளில் போய் நின்றுவிடுகிறது. டெர்பிஷயரில் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு குன்றைத் தாண்டினால் ஹாடன் ஹால் வந்துவிடும். என்னைக் கேட்டால், இங்கிலாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் இதுதான்.

பேக்வெல் என்ற சிறு ஊருக்குத் தென்கிழக்கே, வை ஆற்றின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறை மேட்டில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் பெவரெல் குடும்பத்துக்குச் சேர்ந்த நிலம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்வழிச் சொத்தாக வெர்னன் குடும்பத்துக்கு வந்து, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அவர்களிடமே இருந்தது. 1195 வாக்கில், பின்னாளில் மன்னரான இளவரசர் ஜான் அவர்களுக்கு ஒரு அனுமதி கொடுத்தார். வீட்டைச் சுற்றி மதில் கட்டிக்கொள்ளலாம்; ஆனால் 12 அடிக்கு மேல் போகக்கூடாது, மேலே போர்க்கோட்டை மாதிரி பல் பல்லாக வைக்கக்கூடாது. அந்தச் சின்ன நிபந்தனையிலேயே இது என்ன மாதிரி இடம் என்று தெரிந்துவிடுகிறது. கோட்டை மாதிரித் தோன்றினாலும் இது வீடுதான்.

அமைப்பு இப்படி: இரண்டு முற்றங்கள், ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டுக்கும் நடுவில் 1370 வாக்கில் கட்டிய பெரிய கூடம். கூடத்தின் ஒரு பக்கம் சமையலறைகள், மறுபக்கம் குடும்பத்தின் தனி அறைகள். தென்மேற்கு மூலையில் சிற்றாலயம். தெற்கு ஓரம் நெடுக, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான நீண்ட நடைக்கூடம்: 110 அடி நீளம், 17 அடி அகலம். யாரும் ஒரே மூச்சில் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை ஏற்கனவே இருந்ததோடு ஒட்டவைத்துக்கொண்டே போயிருக்கிறது. அதனால் சுவர்கள் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் இருப்பது அரிது.

நான் விவாதத்துக்கு வைக்கும் கருத்து இதுதான். வெர்னன்களுக்குப் பின் வீடு கல்யாணத்தின் வழியாக மேனர்ஸ் குடும்பத்துக்குப் போனது. 1703ல் அந்தக் குடும்பத்துக்கு ரட்லண்ட் டியூக் பட்டம் கிடைத்தது. அந்தக் காலத்தை ஒட்டி லெஸ்டர்ஷயரில் உள்ள பீவர் கோட்டைக்கே மொத்தமாகக் குடிபோய்விட்டார்கள். அதன்பின் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை, இருநூறு ஆண்டுகளுக்கு, ஹாடனில் குடும்பம் வாழவில்லை. அந்த இருநூறு ஆண்டுகளில்தான் இங்கிலாந்தின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை உருமாறின. 18ஆம் நூற்றாண்டில் இருந்தவர்கள் பழைய முகப்பை இடித்து ரோமானியத் தூண்கள் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் அதன்மேல் கோபுரமும் எரிவாயு விளக்கும் சேர்த்தார்கள். ஹாடனை யாரும் தொடவில்லை. புறக்கணிப்புதான் அதைக் காப்பாற்றியது என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மிட்லண்ட்ஸ்தமிழ்:

நல்ல இழை. நான் இந்தப் பகுதியிலேயே பல வருடங்களாக இருக்கிறேன், அதனால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சாலையிலிருந்து பார்த்தால் வீடு முழுதாகத் தெரியாது. ஏ6 சாலை பள்ளத்தாக்கின் அடியில் போகிறது. மரங்களுக்கு மேலே சாம்பல் நிறக் கோபுரமும் கூரை விளிம்பும் மட்டும் எட்டிப்பார்க்கும். சின்னப் பாலம் தாண்டி மேடு ஏறி வாசலுக்குப் போகவேண்டும். வை ஆறு இங்கே ஆழமில்லாமல், அடிக்கல் தெரியும் தெளிவோடு ஓடுகிறது. தூண்டில்காரர்களிடம் கேட்டால் வீட்டை விட்டுவிட்டு மீனைப் பற்றியே பேசுவார்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்த ரெயின்போ ட்ரவுட் மீன் தானாகவே முட்டையிட்டுப் பெருகும் ஆறுகள் பிரிட்டனில் மிகக் குறைவு. அதில் இது பேர்பெற்றது.

இந்த இடத்தில் இரண்டு வகைக் கல் சந்திக்கின்றன. மேற்கே வெளிறிய சுண்ணாம்புக்கல், கிழக்கே பழுப்பும் கருப்புமான கரட்டு மணற்கல். வீட்டுச் சுவரில் இரண்டும் கலந்திருக்கின்றன. உள்ளூர்க் கல்லிலேயே கட்டியதால் பாறையிலிருந்து வீடு எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் கண்ணுக்குப் பிடிபடாது.

சுண்ணாம்புக்காரை:

ஆற்றோரம் எழுதியதில் வரலாறு எல்லாம் சரி. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்: புறக்கணிப்பு எந்த வீட்டையும் காப்பாற்றியதில்லை.

ஒரு கல் வீட்டை உண்மையாகவே கைவிட்டால் என்ன ஆகும்? முதலில் கூரையோரத் தண்ணீர்க் கால்வாய் இலைகளால் அடைபடும். மழைநீர் சுவர் உச்சிக்குள் இறங்கும். அங்கேதான் கூரை உத்தரத்தின் முனை சுவரில் உட்கார்ந்திருக்கிறது. ஈரமான ஓக் மரத்தைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு, அது வெளியே தெரியாமல் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். உத்தர முனை மக்கிப்போனால் கூரை தாழும், கூரை தாழ்ந்தால் சுவர் வெளியே சாயும். இருபது முப்பது வருடம் போதும். இருநூறு வருடம் தேவையே இல்லை.

ஹாடன் கூரையில் இருப்பது ஈயத்தகடு. ஈயம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சரிவான கூரையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே நகரும். அப்புறம் மடிப்பு விழுந்து கீறும். கீறிய தகட்டைக் கழற்றி, உருக்கி, மணல் படுக்கையில் மறுபடியும் வார்த்துப் போடவேண்டும். இதை யாரோ செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நாம் இன்று பார்க்கிற மரப்பலகை வேலைப்பாடு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. டெர்பிஷயர் ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர்போன பகுதி என்பதும் வசதியாகப் போயிற்று.

ஆகவே என் பக்கம் இது: குடும்பம் வெளியேறியது, ஆனால் பராமரிப்பு வெளியேறவில்லை. வீட்டைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத எஸ்டேட் கொத்தனாரும் தச்சரும் ஈய வேலைக்காரரும்தான். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் புறக்கணிப்பு என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழஞ்சுவடி:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நடுவில் விடுபட்டது பணம்.

ஹாடனைத் தனியாகப் பார்த்தால் புரியாது, பீவர் கோட்டையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கதை 1563ல் தொடங்குகிறது. சர் ஜார்ஜ் வெர்னனின் இளைய மகள் டொரோத்தி, ரட்லண்ட் எர்லின் (எர்ல் என்பது டியூக்குக்குக் கீழே வரும் பிரபுப் பட்டம்) இரண்டாவது மகன் ஜான் மேனர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். சர் ஜார்ஜ் அந்த வட்டாரத்தில் 'பீக்கின் ராஜா' என்று அழைக்கப்பட்டவர்; பீக் என்பது இந்த மலைப்பகுதியின் பெயர். ஆண் வாரிசு கிடையாது. 1565ல் அவர் இறந்தபோது ஹாடன் டொரோத்தி வழியாக மேனர்ஸ் குடும்பத்துக்குப் போனது. அப்போது அது ஒரு கிளைக் குடும்பத்தின் வீடு. எர்ல் பட்டம் பீவரில் இருந்த மூத்த கிளையிடம் இருந்தது.

1641ல் மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போய், பட்டமும் பீவரும் ஹாடன்காரர்களிடமே வந்து சேர்ந்தன. அடுத்த வருடமே உள்நாட்டுப் போர். அரசர் பக்கத்துப் படை பீவர் கோட்டையைப் பிடித்துத் தளமாக வைத்துக்கொண்டது. எர்லோ நாடாளுமன்றத்தின் பக்கம். போர் முடிந்ததும் 1649ல் பீவரை இடிக்க உத்தரவாயிற்று. ஹாடனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1650களிலும் 60களிலும் பீவரைப் புதிதாகக் கட்டினார்கள். 1801லிருந்து அதையும் மாற்றிக் கோதிக் பாணியில் கட்டினார்கள். 1816ல் அங்கே பெரிய தீ விபத்து, மறுபடியும் கட்டினார்கள்.

கவனியுங்கள்: ஒவ்வொரு தலைமுறையின் பணமும் ஆசையும் புது மோகமும் பீவர் மேல் இறங்கின. மாற்றியமைக்கும் வெறி முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. ஹாடனை மாற்றக் காரணம் இல்லை. அதே சமயம் விற்கவும் இடிக்கவும் அவசியம் இல்லை. ஒரே வீடு வைத்திருந்த நடுத்தர நிலக்கிழார் குடும்பமாக இருந்திருந்தால், ஒன்று நவீனமாக்கியிருப்பார்கள், இல்லை கடனுக்கு விற்றிருப்பார்கள். ஹாடன் மாதிரி வீடுகள் நூற்றுக்கணக்கில் விவசாயிகளுக்குக் குத்தகை வீடாகப் போய், கூடத்தைக் குறுக்கே தடுத்து மாடி போட்டு, அடையாளம் இல்லாமல் ஆயின.

அதனால் நான் இப்படிச் சொல்வேன்: பெரும் பணக்காரக் குடும்பத்தின் இரண்டாவது வீடாக இருந்ததே அதன் பாக்கியம்.

இரவுவாசகி:

டொரோத்தி பெயர் வந்துவிட்டது, அந்த ஓடிப்போன கதையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அக்கா கல்யாண விருந்தில் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கவாசல் வழியாக இறங்கி, தோட்டம் கடந்து, சின்னக் கல் பாலத்தில் காத்திருந்த காதலனோடு குதிரையேறிப் போனாள் என்று படித்திருக்கிறேன். அந்தப் படிகளையும் பாலத்தையும் இன்றும் காட்டுகிறார்களாமே. உண்மையா?

ஆற்றோரம்:

இரவுவாசகி, காட்டுகிறார்கள். படிகள் இருக்கின்றன, பாலமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் டொரோத்தி காலத்துக்குப் பிந்தியவை. ஆட்டம் நடந்ததாகச் சொல்லப்படும் நீண்ட நடைக்கூடமும் அவள் கல்யாணத்துக்கு அப்புறம் ஜான் மேனர்ஸ் செய்வித்தது. அதன் பலகைச் சுவரில் பன்றித் தலையும் மயிலும் மாறி மாறிச் செதுக்கியிருக்கும். பன்றி வெர்னன் சின்னம், மயில் மேனர்ஸ் சின்னம். இரண்டு குடும்பமும் ஒன்றான பிறகு செய்த வேலை என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. கதை அச்சில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அப்பா அவ்வளவு கோபக்காரராக இருந்திருந்தால் இரண்டே வருடத்தில் ஹாடன் அவள் கைக்கு வந்திருக்குமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. மூத்தவள் மார்கரெட்டுக்கு ஷ்ராப்ஷயரில் இருந்த டாங் சொத்து போனது.

ஆனாலும் இந்தக் கதையை நான் ஒதுக்கிவிடமாட்டேன், ஏனென்றால் அது வீட்டுக்கு உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. 1849ல் பக்கத்து ஊரான ரௌஸ்லிக்கு ரயில் வந்தது. நகரங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அமெரிக்காவிலிருந்தும் வந்தார்கள். ஓவியர்கள் கூடத்திலும் முற்றத்திலும் உட்கார்ந்து வரைந்தார்கள். காலியாக இருந்த வீட்டைக் காவலர்கள் சுற்றிக்காட்டினார்கள். 1892ல் லண்டனில் இந்தக் காதல் கதையை வைத்து ஒரு இசை நாடகமே மேடையேறியது. இப்படி நாடு முழுக்கத் தெரிந்த வீட்டை எந்த டியூக்கும் இடித்துக் கல்லை விற்றிருக்க முடியாது. சுண்ணாம்புக்காரை சொன்ன ஈய வேலைக்காரர்களோடு, கதை சொன்னவர்களையும் காப்பாற்றியவர் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

பழஞ்சுவடி சொன்ன பீவர் கணக்கை முழுதாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது முதுகெலும்பு.

நெல்வயல்:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வீடு எதன் மேல் நின்றது?

ஹாடன் மாதிரி வீட்டை மேனர் வீடு என்பார்கள் (மேனர்ஸ் என்ற குடும்பப் பெயர் வேறு). ஆனால் இங்கிலாந்தில் மேனர் என்பது முதலில் கட்டடமே கிடையாது. ஒரு நிலத் தொகுதி, அதோடு சேர்ந்த அதிகாரம். பிரபு தனக்கென்று ஒரு பங்கு நிலத்தை வைத்துக்கொள்வார். மிச்சத்தில் குடியானவர்கள் பயிர் செய்வார்கள். அதற்குக் குத்தகையாக வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் சும்மா உழைக்கவேண்டும். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போகவேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கக் காசு கட்டவேண்டும். குடும்பத் தலைவர் செத்தால் வீட்டிலுள்ள நல்ல மாடு பிரபுவுக்குப் போகும். தகராறு என்றால் விசாரிப்பதும் பிரபுவின் நீதிமன்றமே. இந்த ஏற்பாட்டின் கடைசி எச்சமான ஒருவகை நில உரிமை சட்டப்படி ஒழிந்தது 1926ல்தான் என்றால் பாருங்கள்.

ஹாடன் ஹாலைச் சுற்றி நெதர் ஹாடன் என்று ஒரு கிராமம் இருந்தது. இன்று அந்தப் பெயரில் ஊர் இல்லை. வரப்பு மாதிரி நீண்ட மேடு பள்ளங்கள் புல்வெளிக்குள் தெரிகின்றன, அவை அந்தக் காலத்து உழவுத் தடங்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். உழுத நிலம் மேய்ச்சல் நிலமாயிற்று, ஆடு வந்தது, ஆள் போனார்கள்.

இதற்கு வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. நீங்கள் சிற்றாலயம் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். புனித நிக்கோலஸ் பெயரில் உள்ள அந்தக் கோயில் அந்தக் கிராமத்து மக்களின் கோயில். பிரபுவின் வீடு வளர்ந்து வளர்ந்து அதைத் தன் மதிலுக்குள் இழுத்துக்கொண்டது. ஞானஸ்நானத் தொட்டி நார்மன் காலத்தது. அதில் தலை நனைந்த குழந்தைகளில் வெர்னன் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலானவை அந்த உழவர் வீட்டுக் குழந்தைகள்தான்.

கூடத்தையும் இப்படிப் பார்க்கலாம். 1370ல் கட்டியபோது பிரபுவும் வேலைக்காரரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள். பிரபு மேடை மேல், மற்றவர்கள் கீழே, நடுவில் ஒரே நெருப்பு. வாசல் பக்கத்து மரத்தட்டியில் இன்றும் ஒரு இரும்பு விலங்கு தொங்குகிறது. தன் பங்கு பீரைக் குடித்து முடிக்காதவனின் கையை அதில் பூட்டி, மிச்சத்தைச் சட்டைக் கைக்குள் ஊற்றுவார்களாம். 1500 வாக்கில் குடும்பம் பக்கத்துத் தனி அறையில் சாப்பிட ஆரம்பித்தது. அந்த அறையின் கூரையில் ரோஜாவும் வேட்டைநாயும் வரைந்து, சுவரில் ராஜா ராணி முகம் செதுக்கி வைத்தார்கள். நூறு வருடத்துக்குள் மேல்மாடியில் அந்த 110 அடி நடைக்கூடம் வந்துவிட்டது. மழை நாளில் குடும்பம் மட்டும் உலாவ ஒரு தெரு நீளத்துக்கு இடம். கூடத்திலிருந்து நடைக்கூடம் வரை நடந்தால், ஆள்வோர் தங்கள் ஆட்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போன வரலாற்றை நடந்து முடிக்கலாம். ஹாடனின் அருமை எனக்கு அதில்தான் இருக்கிறது.

மிட்லண்ட்ஸ்தமிழ்:

நெல்வயல், இதை இப்படி யோசித்ததே இல்லை. அடுத்த முறை சமையலறைப் பக்கத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கறி வெட்டும் கட்டை நடுவில் குழிந்து தொட்டி மாதிரி ஆகிவிட்டது. உப்புப் போட்டு இறைச்சியை ஊறவைக்கும் மரத்தொட்டி, மாவு பிசையும் இடம், கரிபடிந்த அடுப்பு எல்லாம் இருக்கின்றன. எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் ஒரே இடத்தில் நின்று வேலை செய்த தேய்மானம் அது. என் மனைவி அந்தக் கட்டை முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றாள், நடைக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி.

ரயில்பிரியன்:

ரயில் பேச்சு வந்ததால் ஒரு துணைத்தகவல்.

ரௌஸ்லிக்கு மேல் பாதையை நீட்ட வேண்டியபோது இயல்பான வழி டெர்வென்ட் பள்ளத்தாக்கு. ஆனால் அது சாட்ஸ்வர்த் பூங்காவுக்குள் போகிறது. சாட்ஸ்வர்த்தின் சொந்தக்காரரான டெவன்ஷயர் டியூக் தரப்பு விடவில்லை. பாதை வை பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியது. அங்கே ஹாடன் இருக்கிறது. ரட்லண்ட் டியூக்கும் வீட்டின் பார்வையில் ரயில் தெரியக்கூடாது என்றார். எனவே வீட்டுக்குப் பின்பக்கக் குன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை. இதில் பெரும்பகுதி மலையைக் குடைந்ததே இல்லை. மேலிருந்து பள்ளம் வெட்டி, வளைவு கட்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பொறியியல் தேவைக்காக இவ்வளவு நீளம் வரவில்லை, பார்வைக்காக வந்தது. 1861ல் வேலை நடக்கும்போது ஒரு பகுதி இடிந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 1863ல் பாதை பக்ஸ்டன் வரை திறந்தது, 1968ல் மூடினார்கள்.

டியூக்குகள் யாரும் அப்போது ஹாடனில் குடியிருக்கவில்லை என்பதை ஆற்றோரம் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். குடியிருக்காத வீட்டின் காட்சிக்காக ஒரு சுரங்கம் கட்டவைத்தார்கள். அதை மறந்துவிட்ட குடும்பம் செய்கிற காரியமாக இது தெரியவில்லை. இந்த விஷயத்தில் என் ஓட்டு சுண்ணாம்புக்காரைக்கு.

இரவுவாசகி:

ரயில்பிரியன் சொன்னது மனதைப் பிசைகிறது. டொரோத்தியின் படியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குன்றில் செத்தவர்களையும் நினைக்கவேண்டும்.

இன்னொரு கேள்வி. 20ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து பழுதுபார்த்தது யார்? இருநூறு வருடம் தொடாததைத் தொட்டவர் என்ன செய்தார்?

பழஞ்சுவடி:

ஒன்பதாவது டியூக், ஜான் மேனர்ஸ். அவர் வாரிசானதே ஒரு துக்கத்தால். அவருடைய அண்ணன் ஒன்பது வயதில் 1894ல் இறந்தான். அவர்கள் அம்மா வயலெட் ஓவியமும் சிற்பமும் தெரிந்தவர். படுத்த நிலையில் இருக்கும் மகனின் உருவத்தைத் தானே வடித்தார். அந்தப் பளிங்குச் சிலை ஹாடன் சிற்றாலயத்தில் இருக்கிறது. நெல்வயல் சொன்ன அதே கோயில்.

தம்பி பழமை மேல் பித்துப் பிடித்தவராக வளர்ந்தார். டியூக் ஆவதற்கு முன்பே, 1912 வாக்கில் ஹாடனில் வேலையைத் தொடங்கினார். 1920களில் பெருமளவு முடிந்தது. ஹாரல்ட் ப்ரேக்ஸ்பியர் என்ற கட்டடக் கலைஞர் துணை நின்றார். இது நடந்த காலத்தையும் பார்க்கவேண்டும். 1894ல் இங்கிலாந்தில் புது மரணவரி வந்து, பின்னால் ஏறிக்கொண்டே போனது. விவசாய வருமானம் விழுந்துவிட்டது. முதல் உலகப்போரில் வாரிசுகள் செத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஊரெல்லாம் வீட்டை விற்றுக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருந்த நேரத்தில் இந்த மனிதர் ஒரு காலி வீட்டைத் திறந்து உட்கார்ந்தார்.

இழப்பும் உண்டு. 1925ல் நடந்த தீ விபத்தில் வீட்டின் சுவர்களில் தொங்கவிடும் நெய்த சித்திரத் திரைகள் பல எரிந்துபோயின. அதற்கும் முன்னால், 1828ல், 15ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயச் சன்னல் கண்ணாடியில் சில பகுதிகளை யாரோ திருடிப் போயிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டுக்கு அதுவும் நடக்கும்.

சுண்ணாம்புக்காரை:

அவர் வேலையைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு உதாரணம் சொல்கிறேன். சிற்றாலயச் சுவரில் 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்தின்போது அவற்றின் மேல் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். அந்த வெள்ளையை மெல்ல நீக்கி ஓவியத்தை வெளியே கொண்டுவந்தது இவர் காலத்தில். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபரைப் பார்க்கலாம், காலடியில் மீன்கள் கூட உண்டு. வெள்ளை பூசியது அழிக்க. ஆனால் வெளிச்சமும் புகையும் கையும் படாமல் காத்ததும் அந்தச் சுண்ணாம்புதான். ஆற்றோரம் தன் கருத்துக்குச் சான்று தேடினால் இந்தச் சுவரைத்தான் காட்டவேண்டும்.

கூடத்தின் கூரை வேறு விஷயம். இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற ஓக் கூரை 1920களில் செய்தது. 14ஆம் நூற்றாண்டுக் கூரை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, சுவரில் எஞ்சிய அடையாளங்களை வைத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். வேலைத்தரம் முதல்தரம். ஆனால் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நூறு வயதுக் கூரை என்று தெரியும்? என் கொள்கைப்படி புதியதைப் புதியது என்று தெரியும்படி விடவேண்டும். பழசோடு கண்டுபிடிக்க முடியாதபடி கலப்பது சரியில்லை.

நெல்வயல்:

கூரை விஷயத்தில் நான் உங்களோடு மாறுபடுகிறேன். தேதியை ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும். நிழலும் உயரமும் ஒலியும் சரியாக இல்லாவிட்டால் அந்தக் கூடத்தில் நூறு பேர் சேர்ந்து சாப்பிட்டதை யாராலும் மனதில் கொண்டுவர முடியாது. மழையில் நனையும் வெறும் சுவராக நின்றால் அதை இடிபாடு என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சுண்ணாம்புக்காரை:

பலகை வைத்தால் சரி. என் கோரிக்கையும் அதுவே.

தோட்டக்காரி:

தோட்டத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்! பாறைச் சரிவில் படிப்படியாக இறங்கும் மேடைத் தோட்டம் அது. தாங்குசுவர்கள் பிரமாண்டமானவை, அவற்றுக்கு முட்டுக்கொடுத்த கல் தூண்கள் வீட்டு உயரத்துக்கு இருக்கின்றன. வீடு காலியாக இருந்தபோது அலங்காரமாக வெட்டிவைத்திருந்த யூ என்ற பசுமைமாறா மரங்கள் காடாக வளர்ந்து சன்னல்களை இருட்டாக்கிவிட்டன. 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு அந்த இருட்டுத்தான் பிடித்தது. ஒன்பதாவது டியூக்கும் அவர் மனைவி கேத்லீனும் மரங்களை எடுத்துவிட்டு ரோஜா வைத்தார்கள். சுண்ணாம்புக்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்துக்கொள்வதால், குளிரான இந்த வட்டாரத்திலும் அங்கே ரோஜா நன்றாக வருகிறது. ஜூன் கடைசியில் போங்கள்.

நடைக்கூடத்துச் சன்னல் கண்ணாடிகளையும் வெளியே தோட்டத்தில் நின்று பாருங்கள். சின்னச் சின்னக் கட்டமாக ஈயத்தில் கோத்தது. தட்டையாக இல்லாமல் அலை மாதிரி உள்ளும் வெளியும் வளைந்திருக்கும். ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு கோணத்தில் வானத்தைப் பிடிக்கும்.

ஆற்றோரம்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் புறக்கணிப்பு என்றது வாழ்வதை நிறுத்தியதை. சுண்ணாம்புக்காரை சொன்ன பராமரிப்பு அதோடு முரண்படாது. இரண்டும் சேர்ந்து நடந்தது அபூர்வம், அதுவே ஹாடனின் தனித்தன்மை. வாழ்கிற வீட்டை யாரும் மாற்றாமல் இருக்கமாட்டார்கள். வாழாத வீட்டுக்கு யாரும் ஈயம் வாங்கமாட்டார்கள். இங்கே வாழாமல் ஈயம் வாங்கினார்கள். ரயில்பிரியன் சொன்ன சுரங்கமும் இதற்குத்தான் பொருந்துகிறது. அதைச் சாத்தியமாக்கியது பழஞ்சுவடி காட்டிய பீவர். ஆனால் நெல்வயல் எழுப்பிய கேள்விக்கு இந்தக் கணக்கில் எதுவும் பதில் இல்லை. வீடு பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை. அந்த ஊருக்குக் கூரை போட யாரும் பணம் ஒதுக்கவில்லை.

இப்போது குடும்பத்தில் ஒரு கிளை மறுபடியும் அங்கே குடியிருக்கிறது, இன்றைய டியூக்கின் தம்பி குடும்பம். பார்வையாளர்களுக்குத் திறந்தும் வைத்திருக்கிறார்கள். இனி நம் காலத்து வாழ்க்கை அந்தச் சுவர்களில் என்ன மாற்றம் செய்யும் என்று கவனிக்கவேண்டும். இதைப் பற்றி சுண்ணாம்புக்காரை தனியாக எழுதினால் நன்றாக இருக்கும்.

இரவுவாசகி:

போவதாக முடிவு செய்துவிட்டேன். கார் இல்லாமல் போக முடியுமா? டொரோத்தியின் கல்லறை எங்கே?

மிட்லண்ட்ஸ்தமிழ்:

கார் தேவையில்லை. மாட்லாக் வரை ரயில், அங்கிருந்து பேக்வெல் பேருந்து. அது ஹாடன் வாசல் வழியாகத்தான் போகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தரை மேடு பள்ளம், படிகள் தேய்ந்து வழுக்கும், நல்ல காலணி போடுங்கள்.

கல்லறை ஹாடனில் இல்லை. பேக்வெல்லின் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது, மேட்டில் கூர்கோபுரம் வைத்த கோயில். டொரோத்தியும் ஜானும் எதிரெதிரே முழந்தாளிட்டு இருப்பார்கள், கீழே பிள்ளைகள். அவள் அப்பா சர் ஜார்ஜும் அவருடைய இரண்டு மனைவிகளோடு அதே இடத்தில் இருக்கிறார். முதலில் தேவாலயம், அப்புறம் ஹாடன் என்று வைத்துக்கொண்டால் பலகைச் சுவரில் வரும் பன்றியும் மயிலும் யாருடையவை என்று தெரிந்து பார்க்கலாம்.